நிற்கும் இடம் அறிதல்: லினக்ஸ் பயில்வோர்க்கு முதற்பாடம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், 1964-ஆம் ஆண்டு மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்ற பெயரை ஏற்ற வித்தியாலயத்தில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி இயங்கி வருகிறது. தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்துக் கொடுத்த அந்த யந்திரம் 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுடையது. அதாவது, ஒரு விநாடிக்குள் 838 லட்சம் கோடி கணக்குகளைச் செய்து முடிக்க வல்லது. அதை இயக்குவது லினக்ஸ். உலகின் அதிவேகக் கணினிகள் என்று பட்டியலிடப்பெறும் ஐந்நூறும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. அத்தகைய யந்திரத்தில் வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர் தம் அறையிலிருந்தபடியே அதனோடு தொடர்புகொண்டு, தாம் எங்கே இருக்கிறோம், அங்கே என்னென்ன இருக்கின்றன என்று விசாரிக்கும் கட்டளைகளும், ஸ்ரீரங்கத்து மேலச் சித்திரை வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்தாண்டுப் பழமையுடைய மடிக்கணினியின் முன் அமர்ந்து இந்நூலைப் புரட்டும் வாசகர் இன்று தட்டப் போகும் கட்டளைகளும் ஒன்றே. சிறியவருக்கொரு லினக்ஸ், பெரியவருக்கொரு லினக்ஸ் என்ற பேதம் இதில் இல்லை. ஆரம்ப நிலையில் கற்ற நான்கு சொற்கள் ஆயுள் முழுவதும் பயன்படும் என்ற உறுதி, கற்பவருக்கு முதலிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை முன்வைத்தேன்.

லினக்ஸின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாக அறிந்துகொண்டால் போதும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மரபில் வந்தது இது. யூனிக்ஸைப் போன்றதும், எவரும் வாங்கவும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு அளிக்கவும் உரிமையுள்ளதுமான ஓர் இயங்குதளத்தைப் படைப்பதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்து, குனு என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதற்குத் தேவையான கருவிகள் பலவும் உருவாகி, யந்திரத்தோடு நேரடியாகப் பேசும் மையப்பகுதி மட்டும் முற்றுப்பெறாதிருந்த சமயத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் என்னும் அப்பகுதியை எழுதி வெளியிட்டு, அடுத்த ஆண்டில் குனு உரிமத்தின்கீழ் அதை எல்லார்க்கும் பொதுவாக்கினார். எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு அட்டவணையில் தமிழுக்கு நிரந்தர ஸ்தானம் கிடைத்ததும் அதே 1991-ஆம் ஆண்டில்தான். அதன் பயனை இவ்வத்தியாயத்திலேயே காண்போம்.

யந்திரத்தைப் பற்றிச் சிறிது. தமிழக அரசு 2011-இல் மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பரம் பொருளை அமைத்த அதே சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கியது அது. அவற்றுள் எத்தனையோ இன்னும் பரண்மீது கிடக்கின்றன. மேலும், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு உரிய பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பொதுவாக நின்றுவிட்டமையால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கழித்துவிடலாமா என்று யோசிப்போர் பலர். அப்படிப்பட்ட கணினி 64-பிட் வகையினதாக இருந்து, 4 ஜிபி நினைவகமும் கொண்டிருக்குமானால், லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் (மையப்பகுதியோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்து அளிக்கும் தொகுப்பே வழங்கல்) எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு அதற்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று நூற்றுக்கணக்கான வழங்கல்கள் உண்டு. எது சிறந்தது என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. கற்கத் தொடங்குபவர் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஆறு மாத காலமாவது அதிலேயே நிலைத்திருப்பது, வாரந்தோறும் ஒன்றை நிறுவி மற்றொன்றை நீக்குவதினும் பன்மடங்கு பயன் தரும்.

நிறுவுவதற்கு முன் பரீட்சித்துப் பார்க்க வழி உண்டு. மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் அதற்குரிய மென்பொருளால் எழுதி (வெறுமனே நகலெடுத்தால் பயனில்லை, எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும்), கணினியைத் தொடங்கும்போது எஃப்12 போன்ற விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தால், வன்தட்டில் ஒன்றையும் மாற்றாமலே லினக்ஸ் முழுமையாக ஓடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரிண்டர் இணைகிறதா என்று நிதானமாகச் சோதித்தறிந்து, புகைப்படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே நிறுவ முற்படுக. நிறுவும் முறையில் சொல்வதற்கு அதிகமில்லை. திரையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையளித்தால் அரைமணி நேரத்தில் முடியும். வன்தட்டு முழுவதையும் அழிக்கட்டுமா, விண்டோஸோடு சேர்ந்திருக்கட்டுமா என்று கேட்கும் ஒரே இடத்தில் மட்டும் இருமுறை படித்துப் பார்த்து விடையளிக்க வேண்டும்.

இனி, விஷயத்துக்கு வருவோம். லினக்ஸில் புதியவர்க்கு நேரும் துன்பங்களில் பெரும்பாலானவை கட்டளையை மறப்பதால் நேர்வன அல்ல; தாம் எந்த இடத்தில் நின்று கட்டளையிடுகிறோம் என்பதை அறியாமல் இடுவதால் நேர்வனவே. ஆகையால் கற்கும் கிரமத்தில் முதல் ஸ்தானம் இடம் அறிதலுக்கு உரியது.

விண்டோஸில் பழகியவர் சி, டி என்று தனித்தனி டிரைவ்களைக் கண்டவர். லினக்ஸில் எல்லாம் ஒரே அமைப்புக்குள் அடங்கும். ஸ்ரீரங்கத்துக்குச் சென்றவர்க்கு இதனை விளக்குவது எளிது. 1987-இல் நிறைவெய்திய 236 அடி உயர இராஜகோபுரத்தின் வழியே தெற்கிலிருந்து நுழைந்தால் அடையவளஞ்சான் வீதி. அதற்கு உட்புறம் இன்னொரு கோபுரம் கடந்தால் சித்திரை வீதி. மேலும் ஒரு கோபுரம் கடந்தால் உத்திர வீதி. அதன்பின் நான்முகன் கோபுரம் வழியே கோயிலின் உட்பிராகாரங்கள். எவ்வளவு உள்ளே சென்றாலும் கடந்து வந்த வாயில்களை வரிசையாகச் சொன்னால் நிற்கும் இடம் ஐயமின்றி விளங்கிவிடும். லினக்ஸில் ஒவ்வொரு பிராகாரத்துக்கும் அடைவு என்று பெயர். எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் வெளி மதிலுக்கு ‘ரூட்’ என்று பெயர். அதைக் குறிப்பது ஒற்றைச் சாய்கோடு. அடுத்தடுத்த வாயில்களைப் பிரித்துக் காட்டுவதும் அதே சாய்கோடுதான். வித்தியாசம் ஒன்று உண்டு: கோயிலில் ஒரு மதிலுக்குள் அடுத்த மதில் ஒன்றே, லினக்ஸிலோ ஓர் அடைவுக்குள் எத்தனை அடைவுகள் வேண்டுமானாலும் பக்கம் பக்கமாக இருக்கலாம். செருகிய பென்டிரைவும் ‘மீடியா’ என்ற அடைவுக்குள் ஒரு கிளையாகவே தோன்றும்.

கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், கட்டளை தட்டும் சாளரமாகிய டெர்மினல் திறக்கும். அதில் மினுக்கும் குறி நமது கட்டளைக்காகக் காத்திருக்கிறது. கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்ட வேண்டும். பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. இந்நூலில் கட்டளைகள் எழுத்துகளின் பெயரால், இடையே புள்ளியிட்டுக் குறிக்கப்படும்; அப்புள்ளிகளைத் தட்டக் கூடாது. உண்மையிலேயே புள்ளி தட்ட வேண்டிய இடத்தில் அதனைச் சொல்லாலேயே குறிப்பிடுவேன்.

முதற்கட்டளை பி.டபிள்யூ.டி. தட்டி என்டர் அழுத்துக. உமது பயனர் பெயர் காவேரி என்றால், /ஹோம்/காவேரி என்று (ஆங்கில எழுத்துகளில்) விடை வரும். ரூட்டுக்குள் ஹோம், ஹோமுக்குள் காவேரி. அங்கே நிற்கிறீர்கள் என்று பொருள். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிறுத்தப்படுவீர்கள். இதுவே உமது இல்லம். இல்லத்துக்குச் சுருக்கக் குறி ~ என்பது. அடுத்து எல்.எஸ்: நிற்கும் இடத்தில் உள்ள கோப்புகளையும் அடைவுகளையும் அது பட்டியலிடும். இவ்விரண்டு கட்டளைகளும் எதையும் மாற்றாதவை. ஆகவே எத்தனை முறை தட்டினும் கேடில்லை. கைக்கு வேறு வேலை தோன்றாத போதெல்லாம் இவற்றைத் தட்டிப் பழகுவதை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

மூன்றாவது சி.டி: ஓர் அடைவுக்குள் செல்லும் கட்டளை. செல்வதற்கு இடம் வேண்டுமே. அதையும் நாமே கட்டிக்கொள்வோம். அடைவு படைக்கும் கட்டளை எம்.கே.டி.ஐ.ஆர். அதன்பின் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டியே ‘பி’ என்ற எழுத்து, மீண்டும் இடைவெளி, பின்னர் அடையவளஞ்சான்/சித்திரை/உத்திரம் என்று தமிழிலேயே தட்டுக (தமிழில் தட்டும் முறையைக் கீழே காண்க). என்டர் அழுத்தியவுடன் ஒரு சொல்லும் வராது. லினக்ஸில் மௌனம் என்பது காரியம் நிறைவேறியதற்கு அடையாளம். இப்போது எல்.எஸ் தட்டினால் அடையவளஞ்சான் என்ற அடைவு தென்படும். சி.டி, இடைவெளி, பிறகு ‘அடை’ என்று மட்டும் தட்டி டேப் விசையை அழுத்துக. எஞ்சியதை டெர்மினலே நிரப்பிவிடும். டேப் நிரப்பாவிட்டால், நாம் எண்ணிய பெயர் அவ்விடத்தில் இல்லை, அல்லது அப்படித் தொடங்கும் பெயர் ஒன்றுக்கு மேல் உண்டு என்று அறிந்துகொள்ளலாம். ஆகவே டேப் என்பது சோம்பலுக்கு உதவும் சாதனம் மட்டுமன்று, பிழை காட்டும் சாதனமும் ஆகும்.

இவ்வாறே சித்திரைக்குள்ளும் உத்திரத்துக்குள்ளும் சென்று பி.டபிள்யூ.டி தட்டினால் /ஹோம்/காவேரி/அடையவளஞ்சான்/சித்திரை/உத்திரம் என்று முழு வழியும் திரையில் வரும். ஒரு வாயில் வெளியே வர, சி.டி, இடைவெளி, இரண்டு புள்ளிகள். சற்றுமுன் நின்ற இடத்துக்கே திரும்ப, சி.டி, இடைவெளி, சிறு கோடு. எங்கோ வழி தவறினால் சி.டி என்று மட்டும் தட்டுக. இல்லத்தில் வந்து நிற்பீர்கள். ரூட்டிலிருந்து சாய்கோட்டோடு தொடங்கி எழுதும் வழி எங்கு நின்று சொன்னாலும் ஒரே இடத்தைக் குறிக்கும். சாய்கோடின்றித் தொடங்கும் வழியோ நாம் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். இந்த ஒரு பேதம் மனத்தில் பதிந்தால், பின்வரும் அத்தியாயங்களில் பாதி விளங்கியதாகவே கொள்ளலாம்.

தமிழில் தட்டுவது பற்றிச் சொல்லவேண்டும். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை மின்ட்டில் பெற, ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும் அதன் எம்17என் துணைத்தொகுப்பையும் மென்பொருள் மேலாளரின் வழியே நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, ஐபஸின் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்துகள் சிதைந்தாற்போல் தோன்றும். அதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணவேண்டா. பெயர் செம்மையாகவே பதிந்திருக்கும், கோப்பு மேலாளரில் திறந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒரு சோதனையைச் செய்து பார்க்குமாறு வேண்டுகிறேன். ஈ.சி.எச்.ஓ, இடைவெளி, திருச்சி என்று தட்டினால், அச்சொல்லையே கணினி திருப்பிச் சொல்லும். அதே வரியின் இறுதியில் | என்ற நேர்க்கோட்டையும், அதன்பின் டபிள்யூ.சி, இடைவெளி, சிறு கோடு, ‘சி’ என்பதையும் சேர்த்துத் தட்டுக. 25 என்று விடை வரும். ‘சி’க்குப் பதிலாக ‘எம்’ என்றால் 9. திருச்சி என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் நான்குதானே? யூனிகோடு, தி என்பதைத் தகரமும் இகரக் குறியுமாகவும், ச் என்பதைச் சகரமும் புள்ளியுமாகவும் பிரித்து வைக்கிறது. அவ்வாறு பிரிய நான்கெழுத்தும் எட்டுக் குறிகளாகின்றன. வரி முடிந்ததற்கான குறி ஒன்றையும் கூட்டினால் ஒன்பது. சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆக, இருபத்து நான்கு, வரி முடிவுக்கு ஒன்று, மொத்தம் இருபத்தைந்து. நேர்க்கோட்டுக்குப் பைப் என்று பெயர். ஒரு கட்டளையின் விடையை மற்றொன்றின் கையில் கொடுப்பது அதன் தொழில். யூனிக்ஸ் மரபின் மேதைமை அனைத்தும் இச்சிறு கோட்டில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஒவ்வொன்றும் ஒரே காரியத்தைச் செவ்வனே செய்யும் சிறு கருவிகளைக் கோத்து, எவரும் முன்னர் எண்ணியிராத பெருங்காரியத்தை ஒரே வரியில் முடிக்கும் ஆற்றல் அதனாலேயே வாய்க்கிறது.

நகலெடுக்க சி.பி, இடம் மாற்றவும் பெயர் மாற்றவும் எம்.வி. இரண்டிலும் முதலில் இருப்பதன் பெயர், பிறகு சேருமிடம். சேருமிடத்தில் அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் கேளாமலே அதன்மேல் எழுதிவிடும். சிறு கோடும் ‘ஐ’ எழுத்தும் சேர்த்துத் தட்டினால் கேட்டுவிட்டுச் செய்யும்.

நீக்கும் கட்டளை ஆர்.எம். இதில் வாசகர் மிகுந்த ஜாக்கிரதை கொள்ளவேண்டும். ஏனெனில் டெர்மினலில் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, போயே போய்விடும். புதியவர் இடறும் இடம் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். தெப்பத் திருவிழாவில் எடுத்த படங்களும் ஓய்வூதியப் பத்திரங்களும் ஒரே அடைவில் கலந்து கிடக்கின்றன. ஜேபிஜி என முடியும் படங்களை மட்டும் நீக்க எண்ணி ஒருவர் ஆர்.எம், இடைவெளி, நட்சத்திரக்குறி, அதை ஒட்டிப் புள்ளியும் ஜேபிஜியும் தட்டுகிறார். நட்சத்திரக்குறி ‘எப்பெயராயினும்’ என்று பொருள்படுவதால் படங்கள் மட்டும் நீங்கும். நட்சத்திரக்குறிக்கும் புள்ளிக்கும் நடுவே கைதவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டதோ, ‘எப்பெயராயினும் நீக்கு’ என்பது தனியாகவும் ‘புள்ளி ஜேபிஜி என்ற கோப்பை நீக்கு’ என்பது தனியாகவும் பிரிந்து, பத்திரங்கள் உட்பட அவ்விடத்துக் கோப்புகள் யாவும் மறைந்தபின், புள்ளி ஜேபிஜி என்றொரு கோப்பு அகப்படவில்லை என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் நிற்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நீக்குமுன் பி.டபிள்யூ.டி தட்டி இடத்தை நிச்சயித்துக் கொள்க. பின்னர் ஆர்.எம் வரவேண்டிய இடத்தில் எல்.எஸ் வைத்து அதே வரியைத் தட்டுக. எவை நீங்கும் என்பது பட்டியலாகக் கண்முன் வரும். அது சரியென்று கண்டபின், மேல் அம்பு விசையை அழுத்தினால் அதே வரி மீண்டும் தோன்றும், எல்.எஸ்ஸை அழித்து ஆர்.எம் என்று மாற்றி என்டர் அழுத்துக. வெற்று அடைவுகளை நீக்க ஆர்.எம்.டி.ஐ.ஆர் உண்டு, உள்ளே ஏதேனும் இருந்தால் அது மறுத்துவிடும் என்பதால், ஆர்.எம்மைக் காட்டிலும் அச்சமற்றது. நாம் கட்டிய வீதிகளில் அதனைப் பயில்க. உத்திரத்தை முதலில் நீக்காமல் சித்திரையை நீக்க முடியாது என்பதைக் கண்டுகொள்வீர்கள்.

எல்.எஸ்ஸோடு சிறு கோடும் ‘எல்’ எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்ற எழுத்துகள் வரிசையாக வரும். அவை படிக்க, எழுத, இயக்க உள்ள உரிமைகளை உரியவர்க்கும் குழுவினர்க்கும் மற்றோர்க்கும் முறையே காட்டுபவை. ஹோமுக்கு வெளியே உள்ள பகுதிகளில் சாதாரணப் பயனருக்கு எழுதும் உரிமை பெரும்பாலும் இல்லை. இந்தத் தடையே வீட்டிலுள்ள ஐந்து பேர் ஒரே கணினியைப் பயன்படுத்தினும் அமைப்பு கெடாமல் காக்கிறது. தடையைத் தாண்டும் அதிகாரம் எஸ்.யு.டி.ஓ என்ற சொல்லுக்கு உண்டு. ‘சுடோ’ என்று உச்சரிப்பர். புதியவர் அதனைத் தற்போதைக்கு இரண்டு வரிகளில் மட்டும் பயன்படுத்துவது உத்தமம். சுடோ ஏ.பி.டி அப்டேட் என்பது புதிய பதிப்புகளின் பட்டியலைப் பெறும், சுடோ ஏ.பி.டி அப்கிரேட் என்பது அவற்றை நிறுவும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எதுவும் தோன்றாமலிருக்கலாம்; விசைப்பலகை பழுதென்று எண்ணாமல் தட்டி முடித்து என்டர் அழுத்துக. வேறெவரேனும் சொன்னாரென்று, பொருள் விளங்காத ஒரு வரியைச் சுடோவோடு சேர்த்து ஒட்டுவதை அறவே தவிர்க்க.

ஒரு கட்டளையின் பொருள் அறிய, எம்.ஏ.என், இடைவெளி, கட்டளையின் பெயர் என்று தட்டினால் அதன் கையேடு திறக்கும். மூடுவதற்கு ‘க்யூ’ விசை. கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழில் கற்க விரும்புவோர், த. சீனிவாசன் முதலியோரின் முயற்சியால் 2012 முதல் வெளிவரும் கணியம் இதழையும், அதன் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களையும் இலவசமாகவே பெற்றுப் படிக்கலாம். விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஊக்கத்தோடு இயங்கி வந்திருக்கின்றன. ஐயம் கேட்போரை அவர்கள் கனிவோடு வரவேற்பர். கேட்கும்போது, எந்த வழங்கல், அதன் எந்தப் பதிப்பு, எந்த அடைவில் நின்று எந்த வரியைத் தட்டினீர்கள், விடையாக வந்த வாசகம் என்ன என்பனவற்றை ஓர் எழுத்தும் மாற்றாமல் நகலெடுத்து அனுப்புங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால், உதவ விரும்புபவரும் இக்கேள்விகளையே திருப்பிக் கேட்க நேர்ந்து, ஒரு நாள் வீணாகும்.